கமிட்டி கூடாரம் போட்ட இடம்

என் டைரியில் ஒரு பக்கம் அழிந்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக டைரி எழுதுகிறேன். ஜுரத்தில் படுத்த நாள்களில்கூட ‘ஜுரம்’ என்று ஒரு வார்த்தையாவது எழுதிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன். அப்படிப்பட்ட டைரியில், போன அமாவாசைச் சனிக்கிழமைக்கு உரிய பக்கம் முழுவதும் நீல மை ஓடிக் கிடக்கிறது. தடவினால் மணல் உதிர்கிறது. முகர்ந்து பார்த்தால் — சிரிக்காதீர்கள் — நண்டு வாசனை!

ஆகவே அந்தப் பக்கத்தில் இருந்ததை இந்தப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். இதுவாவது நனையாமல் இருக்கட்டும்.

விஷயம் இதுதான். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அதில் எஸ்தர் என்று ஒரு டிரில் டீச்சர். முப்பது வயது இருக்கும். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்கவைத்த பெண். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். டீச்சருக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். விசில் அப்படி வராது.

இந்த டீச்சருக்கு இரண்டு வருஷமாக ஓர் ஆசை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் முப்பது பேரைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், கூடாரம் போட்டு, இரண்டு நாள் தங்கவைத்து, அவர்களையே சமைக்கவைத்துத் திரும்ப அழைத்துவர வேண்டும். பெண்கள் இப்போதே வீட்டில் ஜமக்காளத்தைச் சுருட்டிக் கட்டிப் பழகுகிறார்களாம்.

பையன்கள் பள்ளி வருஷா வருஷம் இப்படி எங்காவது போகிறது. ஒரு தடவையாவது பெற்றோர் கமிட்டி கூடி, ‘போகலாமா, கூடாதா?’ என்று விவாதித்தது உண்டா? கிடையாது. பெண்கள் என்றதும் நாங்கள் கூடினோம். ஒரு தடவை அல்ல... ஐந்து தடவை.

‘நாங்கள்’ என்றால், நான் அந்தக் கமிட்டிக்குச் செயலாளர். என் கடைசிப் பெண் அந்தப் பள்ளியில் படித்து முடித்துக் கல்யாணமும் ஆகிப் போய்விட்டாள். என் பதவிதான் இன்னும் முடியவில்லை. கூட்டமெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். மினிட்ஸ் என் கையெழுத்து. காபி என் மனைவி கமலாவுடையது.

ஐந்தாவது கூட்டத்தில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் ஜவுளிக் கடைக்காரர். எதையும் பிரித்து உதறிப் பார்த்துத்தான் வாங்குவார்.

“நம்மள்ல ரெண்டு பேரு மொதல்ல போயி ஒரு ராத்திரி தங்கிப் பாத்துட்டு வரட்டும்பா. ஆபத்து இல்லேன்னா பொண்ணுங்க போகட்டும். இருக்குதுன்னா இத்தோட இந்தப் பேச்சை விட்ரணும். இன்னா டீச்சர்?”

“சரிங்க சார்” என்றார் எஸ்தர் டீச்சர். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த இரண்டு பேர் யார்? ஒருவன் நான். வாசகர்களுக்குத் தெரியும், நிலம் அளக்கும் உத்தியோகம் எனக்கு. மற்றவர் வேணு. பக்கத்துத் தெரு நெசவாளி. அவருடைய மகள் தேவி அந்த முப்பது பேரில் முதல் பெயர்.

“நான் வரணும்னா அமாவாசைதான் சார்” என்றார் வேணு.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தறிக்கு லீவு அமாவாசை அன்றைக்குத்தான். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ, நெசவாளிக்கு அமாவாசை அப்படி. அடுத்த அமாவாசையோ சனிக்கிழமையில் விழுந்தது. எல்லாருக்கும் வசதி! டீச்சர் ஏதோ சொன்னார். அந்தச் சமயம் பார்த்துக் காபி வந்தது. தேதி முடிவாகிவிட்டது.

“டீச்சர் ஒண்டியா ரெண்டு ஆம்பளைங்ககூட எப்படி வருவாங்க? நானும் வரேன்” என்றாள் கமலா, டபராவை நீட்டிக்கொண்டே. அதுவும் முடிவாகிவிட்டது.

இடம் டீச்சர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்ததுதான். நம் பாலாறு கடலில் சேருகிறதே, அதற்குக் கொஞ்சம் தெற்கே. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி. நடுவில் நாக்கை நீட்டியதுபோல ஒரு மணல் நிலம். மீனவர்கள் அதை வெறுமனே ‘முனை’ என்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் மூன்று பக்கம் நீர், ஒரு பக்கம் நிலம் என்று படித்தோமே, அந்தத் தீபகற்பத்தின் குட்டி.

நான் தயாரான விதத்தைச் சொல்ல வேண்டும். நாற்பத்தோரு சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். ஹரிக்கேன் விளக்கு, டார்ச், அயோடின், பஞ்சு, கொசுவுக்கு வேப்பெண்ணெய், தேளுக்கு ஒரு மருந்து, இருமலுக்கு ஒரு மருந்து, மரச் சுத்தி, முளைக்குச்சி பன்னிரண்டு, அளவு நாடா... எல்லாவற்றுக்கும் எதிரே டிக் போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். தினசரி காலண்டரில் ராகு காலம் பார்த்தேன், எமகண்டம் பார்த்தேன், சூலம் எந்தத் திசை என்று பார்த்தேன்.

கடல் எத்தனை மணிக்கு எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று மட்டும் அந்தக் காலண்டரில் போட்டிருக்கவில்லை. நானும் தேடவில்லை. பாலாற்று மணலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மணல் என்ன புதிதா? எங்கள் ஆற்றில் மணல் உண்டு, தண்ணீர்தான் எப்போதாவது வரும். எங்கள் ஊரில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம். வேணுவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

செங்கல்பட்டில் ஒரு பஸ் மாறி, திருக்கழுக்குன்றத்தில் இன்னொரு பஸ் மாறி, கடைசி மூன்று மைல் மாட்டுவண்டியில் போய் இறங்கினோம். பகல் இரண்டரை மணி. நிலத்தையும் முனையையும் சேர்க்கும் இடம் ஒரு கழுத்துபோல ஒடுங்கியிருந்தது. நல்ல உலர்ந்த மணல். அதன் அகலத்தை அடியெடுத்து அளந்தேன். முப்பத்தெட்டு அடி எடுப்பு. டைரியில் குறித்துக்கொண்டேன்.

கழுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் உட்கார்ந்து வலையின் கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். பெயர் கன்னியப்பன்.

“எங்க சார், பெட்டி படுக்கையோட?”

“முனையில் ஒரு ராத்திரி தங்கப்போகிறோம்.”

“இன்னிக்கா?” என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “அமாவாசையாச்சே... மேலாக்கத் தங்குங்க சார். கீழ வாணாம்.”

என் டைரியில் நான் எழுதியது: ‘உள்ளூர்வாசி ஒருவர் அன்போடு வரவேற்றார்.’

முனைக்குள் முக்கால் பர்லாங் நடந்ததும் இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. ஒன்று மேட்டில். மணல் பொதபொதவென்று குவியல் குவியலாக இருந்தது. ஊதாப் பூ பூத்த ஒரு கொடி அதன்மேல் படர்ந்து கிடந்தது. பக்கத்தில் தாழம்புதர். இன்னொன்று கீழே, கடலுக்குச் சற்றுத் தள்ளி. நீளமாக, மட்டமாக, கெட்டியாக... மரப்பலகை மாதிரி ஒரு தரை! வேணு அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார்.

“சார், இங்க பாருங்க. பாவு நீட்டற தெரு மாதிரி இருக்குது!”

விடியற்காலையில் எங்கள் தெருக்களில் வந்து பார்த்தவர்களுக்குப் புரியும். தறியில் ஏற்றும் நீள இழைகளான பட்டுப் பாவை நாலு ஐந்து வீட்டு நீளத்துக்குத் தெருவில் நீட்டி, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டி, ஓர் இழைகூடத் தொய்யாமல் சரிபார்ப்பார்கள். அதற்குத் தெரு மேடுபள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். முப்பது வருஷம் அந்த வேலை செய்த கண்ணுக்கு, மட்டமான தரைதான் நல்ல தரை. நிலம் அளப்பவன் கண்ணும் அதே ஜாதிதான்.

“மேல கொடி இருக்கிற எடத்துல போட்டா நல்லதுங்க சார்” என்றார் எஸ்தர் டீச்சர்.

“அங்க முளை நிக்காது டீச்சர். பொலபொலன்னு இருக்குது. அடிச்சா அப்படியே புடுங்கிக்கினு வந்துடும்” என்றார் வேணு.

“குச்சியைப் படுக்கப் போட்டு மண்ணுல புதைச்சுக் கட்டலாம் சார்.”

“எதுக்கு அவ்ளோ கஷ்டம்? இங்க பாருங்க, ரெண்டு அடி. நின்னுக்கிச்சு!”

உண்மைதான். முளை சிமெண்டில் இறங்கியது மாதிரி நின்றது. அந்த மணல் ஏன் அவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

டீச்சர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். கமிட்டியில் இரண்டு பேர். அவர் ஒருத்தர். “சரிங்க சார். நானும் கமலாக்காவும் மேல போட்டுக்கறோம்” என்றார்.

வேணு கூடாரம் கட்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! பந்தல்காரரிடம் இரவல் வாங்கிய கான்வாஸ். வேணு கயிற்றை இழுத்துக் கட்டி, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்த்தார். சுண்டினால் சத்தம் வந்தது. மேட்டிலோ பெண்கள் கூடாரம் ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இறங்கி, கல்யாண வீட்டில் தூங்கும் கிழவர் மாதிரி சாய்ந்திருந்தது.

“அக்கா, உங்க வூடு கோணலா இருக்குதே!” என்று கீழேயிருந்து கத்தினார் வேணு.

“கோணலா இருந்தா என்ன, குடித்தனம் நேரா நடந்தா சரி!” என்றாள் கமலா மேலேயிருந்து.

சாயங்காலம் ஆனந்தமாகப் போயிற்று. அமாவாசை ஆதலால் வெங்காயம் இல்லாத சமையல் — புளிச்சாதமும் அப்பளமும். கழிக்கரையில் நாரை நின்றது. காற்று குளிர்ந்தது. ‘இடம் சொர்க்கம். ஆபத்து எதுவும் தென்படவில்லை’ என்று டைரியில் எழுதினேன்.

அந்த வாக்கியம்தான் முதலில் அழிந்தது.

ஒன்றைக் கவனித்தேன், அர்த்தம் புரியாமல். எஸ்தர் டீச்சர் ஐந்து மணிக்கே தண்ணீரின் ஓரத்தில் ஒரு குச்சி நட்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தார். குச்சி தண்ணீருக்குள் போனதும் இன்னொரு குச்சி. பிறகு இன்னொன்று. “என்ன டீச்சர் விளையாட்டு?” என்று கேட்டேன். “சும்மாதான் சார்... நீங்க ரெண்டு பேரும் சாப்பிட மேல வந்துடுங்களேன்” என்றார். போனோம். அதுதான் நல்லதாகப் போயிற்று.

இருட்டத் தொடங்கும் நேரம். அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்த வேணு சட்டென்று கையை நிறுத்தினார்.

“சார்... நம்ம வூடு ஆடுது.”

கீழே பார்த்தேன். அலை என்று சொல்ல முடியாது. சத்தமில்லாமல், ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றினால் பரவுமே, அப்படி அந்த மட்டமான தரை முழுவதும் தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. நடுவில் எங்கள் கூடாரம். வேணு கட்டிய கட்டு அசையவில்லை, அதைச் சொல்ல வேண்டும். முளைகள்தான் ஒவ்வொன்றாக மேலே வந்தன. கான்வாஸ் காற்றையும் தண்ணீரையும் வாங்கி உப்பிக்கொண்டு, எங்கள் படுக்கைகளோடும் நாற்பத்தோரு சாமான்களோடும் மெதுவாகப் புறப்பட்டது.

“ஐயோ, பந்தல்காரன் துணி!” என்று வேணு ஓடினார்.

“வேணு, நில்லுங்க!” என்று நான் கத்தியபோது அவர் முழங்கால் தண்ணீரில் இருந்தார். கான்வாஸின் ஒரு மூலையைப் பிடித்துவிட்டார். ஆனால் தண்ணீர் நேராகத் திரும்பிப் போகவில்லை. கடலிலிருந்து கழியை நோக்கிக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. கூடாரம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. முழங்கால் இடுப்பாயிற்று. காலடி மணல் கரைவதை அவர் முகத்திலேயே பார்த்தேன். கழிப் பக்கம் ஆழம். சேறு.

அப்போதுதான் அந்த விசில்.

முனை முழுவதும் அதிர்ந்தது. ஒரு நொடி கடலே நின்றதாகத் தோன்றியது.

“வேணு சார்! துணியை விடுங்க! விட்டுட்டு இந்தப் பக்கம் பாருங்க!”

துணியை விடு என்று ஒரு நெசவாளியிடம் சொன்னால்? அவர் விடவில்லை. டீச்சர் காத்திருக்கவும் இல்லை. அவர்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுச் சுருள் தயாராக இருந்தது. ஒரு நுனி ஏற்கெனவே தாழை வேரில் கட்டியிருந்தது. மறு நுனியில் ஒரு மரத்துண்டு. பந்து எறிவதுபோல எறிந்தார். வேணுவுக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தது. இழுத்து மறுபடி எறிந்தார். இந்தத் தடவை தோளில்.

இழை அறுந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்து பழகிய விரல்கள் அல்லவா? ஒரே கையால் இடுப்பில் முடிச்சுப் போட்டுவிட்டார். நாங்கள் மூவரும் இழுத்தோம். நான் இழுத்ததைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கமலா இழுத்ததுதான் இழுப்பு.

வேணு கரையேறினார். இன்னொரு கையில் கான்வாஸின் மூலை அப்படியே இருந்தது!

எனக்கு இந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம். டீச்சருடைய டார்ச்சை வாங்கி அடித்துக் கழுத்துப் பக்கம் பார்த்தேன். நான் முப்பத்தெட்டு அடி எடுப்பு அளந்த அந்த மணல் எங்கே? அங்கே நுரையும் இருட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று பக்கம் நீர், ஒரு பக்கம் நிலம்... அந்த ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது.

“இன்னும் ஏறுவதற்குள் கையைக் கோத்துக்கொண்டு கடந்துவிடலாம். வாங்க எல்லாரும்!” என்றேன்.

“இப்போ யாரும் கடக்கக் கூடாது” என்றார் எஸ்தர் டீச்சர். “உக்காருங்க.”

‘சார்’ இல்லை. ‘நல்லதுங்க’ இல்லை. வெறும் ‘உக்காருங்க’. நான் உட்கார்ந்தேன். வேணு உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து யார் சொல்லியும் ஓர் இடத்தில் உட்காராத என் மனைவிகூட உட்கார்ந்தாள்.

“தண்ணி இந்தக் கொடிக்கு மேல வராது. உப்புத் தண்ணி அடிக்கடி ஏறினா இது இங்க படர்ந்திருக்காது. ராத்திரி வடியும், காலையில மறுபடி ஏறும், மத்தியானம் வடியும். வெளிச்சத்துல, தரை தெரிஞ்சப்புறம் போவோம்.”

அப்படியே நடந்தது. கொடிக்கு நாலு முழம் கீழே வந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. வேணு என் மனைவியின் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், அமாவாசைக்குக் கடல் இப்படி ஏறும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும் சார். டிரெயினிங்ல படிச்சப்ப இந்த மாதிரி ஓரெடத்துல கேம்ப் போட்டோம். அமாவாசை, பௌர்ணமி ரெண்டுக்கும் அதிகமா ஏறும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

டீச்சர் தாம் கொண்டுவந்த விளக்கின் திரியைச் சற்றுத் தணித்தார். “சொன்னேன் சார். கூட்டத்துலயே சொன்னேன். நீங்க மினிட்ஸ்ல எழுதல.”

“ஆமாங்க. சொன்னாங்க” என்றாள் கமலா. “டபரா வச்சுக்கினு நான் நின்னுக்கினு இருந்தேனே. நீங்க, சர்க்கரை கம்மியா இருக்குதுன்னு என்னைப் பாத்தீங்க.”



“சரி, சாயங்காலம் இன்னொரு தடவை அழுத்திச் சொல்றதுதானே டீச்சர்?” என்றார் வேணு.

“ரெண்டு வருஷமா அழுத்திச் சொல்லிக்கினுதான் சார் இருக்கேன். இங்க வந்தும் எதிர்த்துப் பேசினா, ‘இந்தம்மா புடிவாதக்காரி, இவங்களை நம்பி அனுப்ப முடியாது’ன்னு எழுதிட்டீங்கன்னா? அந்த முப்பது பொண்ணுங்களுக்கு நான் என்னன்னு சொல்றது?” என்றவர், “ஆனா அது தப்பு. உங்களை அங்க விட்டிருக்கக் கூடாது. புடிவாதம் புடிச்சிருக்கணும்” என்றார்.

வேணு தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சுக்குங்க டீச்சர். நீங்க உசிரைக் காப்பாத்தினீங்க. இல்லேங்கல. ஆனா தேவியை இங்க அனுப்ப எனக்கு மனசு வராது.”

“சரிங்க” என்றார் டீச்சர். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றித் துணியால் துடைத்தார். வேணுவின் மகள் பெயரே பட்டியலில் இல்லையென்றால் மற்ற இருபத்தொன்பது பேரையும் எந்த அப்பா அனுப்புவார்? இரண்டு வருஷ ஆசை எங்கள் கூடாரத்தோடு நனைந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

காலையில் எழுந்தபோது வேணுவைக் காணோம். பார்த்தால், கொடியின் ஓரமாக முனை நெடுக நடந்துகொண்டிருந்தார். இரவு தண்ணீர் வந்து நின்ற இடத்தில் வைக்கோலும் சிப்பியும் பாசியும் ஒதுங்கி ஒரு கோடு போட்டிருந்தன. கரைபோட்ட சேலை மாதிரி, ஒரு பக்கம் கொடி, ஒரு பக்கம் ஈர மணல், நடுவில் அந்தக் கோடு. வேணு குந்தி உட்கார்ந்து அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். நான் முனை முழுவதும் நடந்து வந்தேன். ஓர் இடத்தில்கூட அந்தக் கோடு கொடியைத் தாண்டவில்லை.

எட்டு மணிக்குக் கன்னியப்பன் கட்டுமரத்தில் வந்தார். அதில் எங்கள் டிரங்குப் பெட்டி!

“இன்னா சார், பெட்டிய மட்டும் முன்னாடி அனுப்பிட்டீங்க?”

நானும் வேணுவும் பெட்டியை இறக்கினோம்; உள்ளே என் டைரி ஊறிக் கிடந்தது.

“மேலாக்கத் தங்குங்கன்னு சொன்னேனேப்பா! அமாவாசையில எங்க ஊருல வலையக்கூடக் கீழ காயப்போட மாட்டோம். அட்டமி நவமியில வாங்க. கடலு பூனைக்குட்டியா சுருண்டுக்கினு கிடக்கும்.” பெண்கள் கூடாரத்தைப் பார்த்து, “இத யாரு கட்டினது?” என்றார்.

“டீச்சர்” என்றார் வேணு.

“அவுங்களுக்கு மட்டும் கடலு தெரிஞ்சிருக்குது.”

மத்தியானம் ஒரு மணிக்குக் கழுத்தைக் கடந்தோம். நல்ல உலர்ந்த மணல். ஒன்றுமே நடக்காததுபோல. மறுபடி அளந்தேன். அதே முப்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் எடுத்துப் பார்த்தது மினிட்ஸ் நோட்டை. அழகான என் கையெழுத்தில் இருந்தது: ‘டீச்சர் சில யோசனைகள் கூறினார்.’ சில யோசனைகள்! காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்பதை அன்றைய டைரியில் ஒரு வரி முழுசாக எழுதியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஆறாவது கூட்டம். எங்கள் கூடம் நிரம்பிவிட்டது. செய்தி எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. வேணுவைத் திமிங்கிலம் துரத்தியதாகக்கூட ஒரு தெருவில் பேச்சு.

“கதையெல்லாம் அப்புறம்” என்றார் தலைவர். “ஒரே வார்த்தையில சொல்லுங்கப்பா. ஆபத்து இருக்குதா, இல்லையா?”

நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். முதல் வரி: ‘இடத்தில் ஆபத்து இல்லை. போனவர்களிடம் இருந்தது.’ பிறகு, நாங்கள் செய்ததெல்லாம் வரிசையாக. டீச்சர் ஐந்தாவது கூட்டத்தில் சொன்னது, செயலாளர் அதை எழுதாமல் விட்டது, மீனவர் சொன்னது, செயலாளர் அதையும் எழுதாமல் விட்டது, கடல் ஏறி ஏறிக் கெட்டியாக்கிய மட்டமான தரை, கழுத்தைக் கடக்கலாம் என்று செயலாளர் கூப்பிட்டது... படிக்கப் படிக்கக் காது சூடாயிற்று. ஆனால் ஒரு வரியும் விடவில்லை.

எல்லாரும் வேணுவைப் பார்த்தார்கள். முழுகப் போனவர் அவர். பெண்ணைப் பெற்றவரும் அவர். எஸ்தர் டீச்சர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேணு எழுந்தார். “அன்னிக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்னு சொன்னேன். காலையில அந்தக் கோட்டைப் பாத்தேன். டீச்சர் காட்டின எடத்துல நான் படுத்திருந்தா என் வேட்டிகூட நனைஞ்சிருக்காது. தேவி வரும். அவ பேரு மொதல்லயே இருக்கட்டும்.”

டீச்சர் நிமிர்ந்தார். முதல் தடவையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

“அப்ப தேதி?” என்றார் தலைவர், இறங்கி வந்து.

“அடுத்த மாசம் அஷ்டமி சார்” என்றார் டீச்சர்.

கூடம் முழுவதும் ஒரு சலசலப்பு. “அஷ்டமியிலயா? யாராச்சும் பொண்ணுங்களை அஷ்டமியில வெளியூர் அனுப்புவாங்களா டீச்சர்?”

“அன்னிக்குத்தான் கடல் ஏறுறது கம்மி சார்.”

“நல்ல நாளாப் பாத்து அமாவாசையில போனோமே, தலைவரே” என்றார் வேணு. “இன்னா கெடைச்சுது? பெட்டி மட்டும் தனியாக் கட்டுமரத்துல வந்துது!”

தலைவரே சிரித்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. இம்முறை ஒவ்வொன்றையும் முழுசாக எழுதினேன். அஷ்டமியில் போக வேண்டும். கூடாரம் கொடிக்கு மேலே. கொடி ஓரமாகக் கயிறு கட்டி, இருட்டிய பிறகு அதைத் தாண்டக் கூடாது. கழுத்தைப் பகலில், தரை தெரியும்போது மட்டுமே கடக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் கன்னியப்பனின் கட்டுமரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். விசில் ஊதினால் எவரானாலும் உட்கார வேண்டும்.

கடைசித் தீர்மானம்: முகாமுக்குக் கமிட்டி உறுப்பினர் யாரும் வரக் கூடாது. முன்மொழிந்தவர், எஸ்தர் டீச்சர்.

வழிமொழிந்தவர் என் மனைவி. அவள் கமிட்டியிலேயே இல்லை!